பிரெஞ்சுக் கறிக்கடையில் எதைக் கேட்டு வாங்குவது?

பாரிஸுக்குப் புதிதாக வந்த நம்மவர்கள் மாட்டுக்கறி வாங்கப் போனால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வாங்குகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் எலும்பு, கொழுப்பு, சவ்வு எதுவும் இல்லாமல் பளிச்சென்று சிவந்திருக்கும் துண்டைப் பார்த்துக் கையைக் காட்டுகிறார்கள். ஊரில் தனிக்கறி என்று கூடுதல் காசு கொடுத்து வாங்கிய பழக்கம் அது. அந்தத் துண்டு அநேகமாகத் தொடையின் உட்புறச் சதையாக இருக்கும். கடையில் அதற்குத் தாந்த் த த்ரான்ஷ் என்று பெயர். விலையும் கூடுதல். வீட்டுக்கு வந்து ஊர்க் கணக்கில் எட்டு விசில் விட்டுக் குழம்பு வைத்தால், கறி நார்நாராகப் பிரிந்து வாயில் சக்கையாக நிற்கும். இந்த ஊர் மாட்டுக்கறியில் ருசியே இல்லை என்று பலர் முடிவு கட்டிவிடுவது இப்படித்தான்.

கறியில் குறையில்லை. குழம்புக்கு ஏற்ற கறி அதே பெட்டியில், இரண்டு தட்டு தள்ளி, குறைந்த விலைக்கு இருந்திருக்கும். மாதக் கடைசியில் காசை எண்ணிச் செலவழிக்கும் குடும்பங்கள், விலை கூடிய கறியை வாங்கி அதைக் கெடுத்தும் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குப் பொறுப்பதில்லை.

ஊரில் இந்தச் சிக்கல் ஏன் வரவில்லை என்று முதலில் பார்ப்போம். அங்கே கறிக்கடையில் புளியங்கட்டையும் வெட்டுக்கத்தியும்தான். "கலந்து போடுங்க பாய்" என்று நாம் சொன்னால், தொடையில் கொஞ்சம், நெஞ்செலும்பில் கொஞ்சம், ஒரு நல்லி, ஓரமாகக் கொழுப்பு என்று அவரே சேர்த்துத் தருவார். குழம்புக்கு வேண்டிய கலவை அவர் கையிலேயே முடிந்துவிடும். பிரெஞ்சுக் கசாப்புக்காரர் வேலை செய்வது வேறு விதம். மெல்லிய கத்தியால் சவ்வுக் கோடுகளை ஒட்டியே போய், ஒவ்வொரு தசையையும் தனித்தனியாகப் பிரித்து எடுப்பார். நம் கடைக்காரர் கலந்து தந்ததை இவர் ஏழெட்டுத் தட்டுகளில் பிரித்து வைத்து, தட்டுக்கு ஒரு பெயர் எழுதியிருப்பார். எனவே ஊரில் வாங்கியதற்குச் சமமான ஒரே துண்டு இங்கே கிடையாது. இரண்டு மூன்று துண்டுகளை வாங்கி, கலவையை நாம்தான் சேர்க்க வேண்டும்.

தசை எங்கே இருந்தது, என்ன வேலை செய்தது என்பது தெரிந்தால் பெயர்ப்பலகை மிரட்டாது. உங்கள் உடம்பையே தொட்டுப் பாருங்கள். கழுத்து, தோள், முன்கை, கெண்டைக்கால்: மாடு நாள் முழுக்க மேய, நடக்க, நிற்கப் பயன்படுத்தும் இடங்கள் இவை. சவ்வும் நரம்பும் நிறைந்தவை, நெடுநேரம் வேக வேண்டியவை. முதுகெலும்பை ஒட்டி இடுப்பு வரை போகும் தசை அதிகம் உழைப்பதில்லை. அது மென்மையாக இருக்கும், சட்டென்று வாட்டிச் சாப்பிடத் தகுந்தது, விலை உச்சம். தொடை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சவ்வு குறைவு, கொழுப்பும் குறைவு. குழம்பில் தொடைக்கறி தோற்பதற்குக் காரணம் அதுவே. சவ்வில் இருக்கும் கொலாஜன் 70 பாகை செல்சியஸுக்கு மேல் மெதுவாக உருகி ஜெலட்டினாக மாறுகிறது. வெந்த கறி வழுவழுப்பாக இருப்பதும் குழம்பு உதட்டில் ஒட்டுவதும் அதனால்தான். அதே சூட்டில் தசைநார்கள் தம்மிடமிருந்த நீரைப் பிழிந்து வெளியேற்றிவிடுகின்றன. அந்த இழப்பை ஈடுகட்டத் தொடைக்கறியில் போதிய ஜெலட்டின் இல்லை.

இனிக் கேட்டு வாங்க வேண்டியவை.

முதலில் பல்ரோன். தோள்பட்டை எலும்பின் மேல் படிந்திருக்கும் தட்டையான தசை. குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் வெள்ளையாக ஒரு பட்டை நரம்பு ஓடும். அதை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். பலர் அந்த நரம்பைப் பார்த்து முகம் சுளித்து வேண்டாம் என்கிறார்கள், அல்லது எடுத்துவிடச் சொல்கிறார்கள். தயவுசெய்து எடுக்கச் சொல்லாதீர்கள். இரண்டரை மணி நேரம் கொதித்தால் அந்தப் பட்டை கண்ணாடிபோல் ஆகிக் கரைந்து, துண்டு முழுவதையும் ஈரமாக வைத்திருக்கும். மாட்டுக்கறிக் குழம்புக்கும் பிரியாணிக்கும் ஒரே ஒரு துண்டைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் பல்ரோனைச் சொல்வேன். நாலு, ஐந்து சென்டிமீட்டர் கனத்தில் பெரிய துண்டுகளாக வெட்டச் சொல்லுங்கள். சிறிதாக வெட்டினால், நரம்பு உருகும் முன்பே கறி ஓரத்தில் உதிர ஆரம்பித்துவிடும்.

அடுத்து ஜீத், அல்லது ஜாரே. முன்னங்கால், பின்னங்கால்களின் கீழ்ச்சதை. எலும்போடு குறுக்கே அறுத்து, நடுவில் மஜ்ஜை தெரியும் வட்டத் துண்டுகளாகவும் தருவார்கள். நம் நல்லி எலும்புச் சூப்புக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை. மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து இறக்காதீர்கள். இரண்டு மணி நேரத்தில் கத்தியால் குத்திப் பார்த்தால் ரப்பர் மாதிரி இருக்கும், அதைக் கண்டு கலங்க வேண்டாம்.

ப்ளா த கோத் என்பது விலா எலும்பும் அதன்மேல் கறியும் கொழுப்பும் அடுக்கடுக்காக இருக்கும் பகுதி. நம் நெஞ்செலும்புக் கறியின் இடத்தை இங்கே நிரப்புவது இதுதான். எலும்பை ரம்பத்தால் சிறு துண்டுகளாக அறுத்துத் தரச் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் ஒரு சாண் நீளத்துக்கு அப்படியே கட்டித் தந்துவிடுவார்கள். எலும்பில்லாத நெஞ்சுப் பகுதிக்குப் புவாத்ரின் என்று பெயர். அதில் கொழுப்பு தூக்கல். தனியாகக் குழம்பு வைத்தால் எண்ணெய் மிதக்கும். மற்றதோடு கலக்கக் கொஞ்சம் போதும்.

கன்னத்துச் சதையான ஜூ கிடைத்தால் விடாதீர்கள். ஒரு மாட்டுக்கு இரண்டுதான் என்பதால் பல கடைகளில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். வேகும்போது நன்றாகச் சுருங்கும். அதனால் வழக்கமாக வாங்கும் அளவைவிடச் சற்றுக் கூடுதலாகவே வாங்குங்கள். மசாலாவை உள்வாங்குவதில் இதற்கு இணை இல்லை. கழுத்துக் கறியான கொலியேயும் தோளின் மற்றொரு தசையான மக்ரோஸும் பல்ரோன் இல்லாத நாளில் கைகொடுக்கும். விலாவுக்கு முன்னால், கழுத்தை நோக்கி இருக்கும் பாஸ் கோத்தில் கொழுப்பு நூல்நூலாகப் பரவியிருக்கும். முதலில் வேகவைத்து, பிறகு தேங்காய்ச்சில்லும் கறிவேப்பிலையும் போட்டுச் சுருளச் சுருள வறுக்கும் வறுவலுக்கு நான் அதைத்தான் எடுப்பேன்.

கலவைக்கு ஒரு கணக்கு: இரண்டு கிலோ குழம்புக்கறிக்கு ஒரு கிலோ பல்ரோன், முக்கால் கிலோ ப்ளா த கோத், கால் கிலோ ஜீத். அதோடு ஒஸ் அ முவால் எனப்படும் மஜ்ஜை எலும்பு ஒன்றிரண்டு. பிரெஞ்சுக்காரர்களே தங்கள் பொத் ஓ ஃபே சமையலுக்கு இப்படித்தான் வாங்குகிறார்கள்: கொழுப்பு குறைந்த துண்டு ஒன்று, வழுவழுப்பானது ஒன்று, கொழுப்புள்ளது ஒன்று. ஆகவே மூன்று வகை கேட்டால் கடைக்காரருக்கு வியப்பாக இருக்காது. சமைக்கத் தெரிந்தவர் வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்.

பெயர்களில் சில பொறிகள் உண்டு. மிக மோசமானது ஜீத். வெறும் ஜீத் என்றால் மேலே சொன்ன கால்சதை. ஜீத் அ லா நுவா, ரோன் த ஜீத் என்று எழுதியிருந்தால் அவை பின்தொடையின் வெளிப்புறத் தசைகள். குழம்புக்கு எடுத்தால் வறண்டு போகும். பெயரில் பாதி ஒன்றாக இருப்பதால் அவசரத்தில் மாற்றி வாங்குகிறோம். இன்னொன்று ஃபிலேயும் ஃபோ ஃபிலேயும். ஃபிலே முதுகெலும்புக்கு உட்புறம் இருக்கும் மிக மென்மையான தசை. ஃபோ ஃபிலே முதுகின் மேற்புறத் தசை. இரண்டும் வாட்டுவதற்கு உரியவை. யாராவது இவற்றைக் குழம்பில் போட நினைத்தால் தடுத்துவிடுங்கள்.

பன்றிக்கறி சாப்பிடாதவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஜாரே, புவாத்ரின், ஜூ, ஃபிலே ஆகிய பெயர்கள் பன்றிக்கும் அப்படியே வழங்குகின்றன. பொதுக் கடையில் வாங்கும்போது ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் 'த பெஃப்' என்று சேர்த்தே கேளுங்கள். நூல் கட்டி விற்கும் மாட்டுக்கறி ரோஸ்ட்டுகளைச் சுற்றியுள்ள கொழுப்புப் படலம் பன்றிக் கொழுப்பாகவும் இருக்கலாம். அதையும் கேட்டுவிடுவது நல்லது. ஹலால் கடையில் இந்தக் கவலை இல்லை. லா சப்பலில் மளிகை வாங்க வருபவர்கள் பக்கத்திலேயே பார்பேஸ் வரை நடந்தால் ஹலால் கறிக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. வட ஆப்பிரிக்கர்களும் கறியை மணிக்கணக்கில் வேகவைப்பவர்கள் என்பதால், அந்தக் கடைகளில் கழுத்து, கால், விலா எல்லாம் தாராளமாகக் கிடைக்கும்.

ஆங்கிலத்தில் எழுதிய சமையல் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள், எழுதியவர் எந்த நாட்டவர் என்று முதலில் பாருங்கள். பிரிட்டனில் சர்லாயின் என்றால் பிரான்ஸில் ஃபோ ஃபிலே. அமெரிக்காவில் சர்லாயின் என்றால் அதற்கும் பின்னால், இடுப்புச் சதை. பிரான்ஸில் ரோம்ஸ்தெக், பிரிட்டனில் ரம்ப். ஒரே பெயருக்கு இரண்டு இடம். ரிப் ஐ என்றால் ஆந்த்ரகோத். பிரிஸ்கெட் என்றால் புவாத்ரின், ஷின் என்றால் ஜீத், ஷார்ட் ரிப் என்றால் ப்ளா த கோத், டாப்சைடு என்றால் தாந்த் த த்ரான்ஷ், சில்வர்சைடு என்றால் ஜீத் அ லா நுவா. சக் என்று இருந்தால்தான் தொல்லை. அது தசைகளுக்குக் குறுக்கே வெட்டிய பெரிய பாளம். பிரெஞ்சு முறையில் அது நாலைந்து தசைகளாகப் பிரிந்துபோயிருக்கும். பல்ரோனோ பாஸ் கோத்தோ எடுத்தால் குறிப்பு கெட்டுப்போகாது.

எந்தத் துண்டு என்பதற்கு அடுத்தபடியாக, எந்த மாடு என்பதைப் பாருங்கள். சீட்டில் பிறந்த நாடு, வளர்ந்த நாடு, அறுத்த நாடு மூன்றும் இருக்கும். பைத்தியமாடு நோய்க் கலவரத்துக்குப் பிறகு 2000-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த சட்டம் அது. பல சீட்டுகளில் மாட்டின் வகையும் பால் இனமா கறி இனமா என்பதும் கூட இருக்கும். வாஷ் என்று இருந்தால் கன்று ஈன்ற பசு. கறி கருஞ்சிவப்பாகவும் கொழுப்பு சற்று மஞ்சளாகவும் இருக்கும்; வாசனை கூடுதல். குழம்புக்கு இதுவே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு வயதுக்குள் அறுத்த இளங்காளையின் கறி வெளிர்சிவப்பாக, கொழுப்பில்லாமல் இருக்கும். நம் வறுத்து அரைத்த மசாலாவுக்கு முன்னால் அதன் ருசி எழும்பாது. வோ என்று எழுதியிருந்தால் கன்றுக்கறி. எட்டு மாதத்துக்கு உட்பட்ட கன்றை மட்டுமே ஐரோப்பாவில் அந்தப் பெயரில் விற்கலாம். நிறம் இளஞ்சிவப்பு, விலை அதிகம். காரக் குழம்பில் போடுவது வீண்.

ஊரில் அறுத்த அன்றே கறி விற்றுத் தீர்ந்துவிடும். இங்கே நல்ல கடைகளில் உடலைக் குளிரறையில் நாள்கணக்காக, சில சமயம் வாரக்கணக்காகத் தொங்கவிட்ட பிறகே வெட்டுகிறார்கள். அதனால் நிறம் கருத்திருக்கும். பழைய கறி என்று பயந்து ஒதுக்க வேண்டாம். புளித்த வாடை வந்தாலோ, தொட்டால் பிசுபிசுத்தாலோ மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

விசில் கணக்கையும் இங்கே மறந்துவிடுங்கள். பிரெஞ்சுக் குக்கர் விசில் அடிக்காது, ஆவியைச் சீராகச் சீறவிடும். சீறல் தொடங்கியதிலிருந்து பல்ரோனுக்கு நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம்; ஜீத்துக்கு ஒரு மணி நேரம் வரை. ஆவியைத் திறந்து விடாமல் தானாக அடங்க விடுங்கள். நேரம் இருந்தால் கனமான சட்டியில் மூடி போட்டு மெல்லிய தீயில் மூன்று மணி நேரம் வையுங்கள். குழம்பு முதல் நாள் வைத்து மறுநாள் சூடாக்கினால் இன்னும் நன்றாக இருக்கும்.

கடையில் எப்படிக் கேட்பது? பெயர் நினைவுக்கு வராவிட்டால் சமையலைச் சொல்லுங்கள். பெயரைச் சொல்வதைவிட அது நல்லதும்கூட. "பூர் ஆன் கறி கி மிஜோத் த்ருவா ஸேர்" என்றால் மூன்று மணி நேரம் கொதிக்கும் குழம்புக்கு என்று பொருள். அதைக் கேட்டதும் கடைக்காரரின் கை தானாகவே தோள்பக்கம் போகும். பெரிய துண்டுகளாக வேண்டும் என்றால் "ஆன் க்ரோ க்யூப்". எலும்போடு என்றால் "அவெக் லொஸ்". வெட்டத் தொடங்கும் முன்பே "லேஸே ல க்ரா" என்று சொல்லிவிடுங்கள். கொழுப்பை விட்டுவைக்கச் சொல்வது அது. சொல்லாவிட்டால் பழக்கத்தில் எல்லாவற்றையும் சீவித் தள்ளிவிடுவார். சனிக்கிழமைக் கூட்டத்தில் இதையெல்லாம் பேச முடியாது. வார நாளில் காலையில் போனால் நின்று பதில் சொல்வார். பல கடைகள் ஞாயிறு காலை திறந்திருந்து திங்கட்கிழமை மூடியிருக்கும். பிரெஞ்சு சரியாக வரவில்லையே என்று கூச்சப்பட்டு எதையாவது வாங்கி வராதீர்கள். தன் தொழிலைப் பற்றிக் கேட்பவரை மதிக்காத கசாப்புக்காரர் அரிது.

பெரிய அங்காடிகளில் பேச ஆள் இல்லை. பெட்டியில் எழுதியதைத்தான் நம்ப வேண்டும். 2014 முதல் அங்கே கறிக்குச் சமைக்கும் முறையும் ஒன்று முதல் மூன்று வரை நட்சத்திரமும் போடுகிறார்கள். நமக்கு வேண்டியது 'அ மிஜோத்தே', 'அ பிரேஸே' என்று எழுதியவை. பூர்கினியோன் என்று மட்டும் எழுதிய பெட்டி எந்தத் தசை என்பதைச் சொல்லாது. பல துண்டுகள் கலந்திருந்தால் சில வெந்து கரையும், சில வேகாமல் நிற்கும். பொடியெழுத்தில் தசையின் பெயர் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

அரை மணி நேரத்தில் சோற்றுக்கு ஏதாவது வேண்டும் என்ற நாளுக்கு ஆம்ப், ஓங்லே, பாவெத் என்ற மூன்று பெயர்களை நினைவில் வையுங்கள். முதல் இரண்டும் உதரவிதானத்தைச் சேர்ந்தவை, மூன்றாவது வயிற்றுப்புறத் தசை. ஓங்லே ஒரு மாட்டுக்கு ஒன்றுதான். இழைகள் வெறும் கண்ணுக்கே தெரியும். அவற்றுக்குக் குறுக்கே மெல்லியதாக அரிந்து, இரும்புச் சட்டி புகையும்போது போட்டு, இரண்டு மூன்று நிமிடத்தில் மிளகும் உப்பும் தூவி இறக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினீர்களோ, போயிற்று.

கட்லெட்டுக்கும் ரோல்ஸுக்கும் கொத்துக்கறி வாங்கும்போது, தட்டில் ஏற்கெனவே இருப்பதை வாங்காமல், துண்டைத் தேர்ந்தெடுத்துக் கண்முன்னே அரைத்துத் தரச் சொல்லுங்கள். அங்காடிப் பெட்டியில் 5, 15, 20 என்று கொழுப்பு விழுக்காடு இருக்கும். 5 உதிர்ந்துவிடும், 15 எடுங்கள்.

ஆரம்பத்தில் வேண்டாம் என்று சொன்ன தொடைக்கறிக்கும் ஓர் இடம் உண்டு: உப்புக்கண்டம். ரோன் த ஜீத் நீள இழையும் கொழுப்பின்மையும் உள்ள தசை. நாடா நாடாவாகச் சீவி உப்பும் மஞ்சளும் தடவிக் காயவைக்க அதைப்போல் வேறில்லை. கொழுப்பிருந்தால் சிக்கு வாடை அடிக்கும். பாரிஸ் வெயிலை நம்ப முடியாது. மிகக் குறைந்த சூட்டில் அடுப்புக் கதவைச் சற்றுத் திறந்துவைத்து உலர்த்துங்கள்.

குடல் விரும்புவோர் இதையும் கவனியுங்கள். பிரான்ஸில் குடலும் இரைப்பையும் சுரண்டிச் சுத்தம் செய்து, வெளுத்து, பெரும்பாலும் பாதி வேகவைத்தே விற்பனைக்கு வருகின்றன. ஊர்க் குடலுக்கு வைக்கும் நேரத்தை இதற்கு வைத்தால் குழைந்துவிடும். வெந்ததா, பச்சையா என்று கேட்டுக்கொண்டு, வெந்ததென்றால் மசாலாவை முதலில் நன்றாக வதக்கிக் கொதிக்கவிட்டு, குடலைக் கடைசி அரைமணி நேரத்தில் சேருங்கள்.